உயிர் முன்னே, விசாரணை பின்னே

மதுவிலக்கு நமது தேசீய இயக்கத்தின் உயிர்நிலைக் கொள்கைகளுள் ஒன்று. கள்ளுக்கடை வாயில்களில் மறியல் செய்து, தடியடி பட்டு, சிறை புகுந்த தொண்டர்களின் தியாகத்தால் வளர்ந்த கொள்கை அது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்த நாளைத் தமிழ்நாட்டின் திருநாட்களுள் ஒன்றாகவே நாம் கருதி வருகின்றோம். அக்கொள்கையில் நமக்குள்ள பற்று அணுவளவும் குறைந்ததில்லை. அவ்வாறிருக்க, மிதமிஞ்சிக் குடித்து நினைவிழந்து கிடக்கும் மாணாக்கனையும், அவன்பொருட்டு வைத்திய உதவியை நாடிய தோழனையும் தண்டியாது விடவேண்டுமென்று நாம் எழுதப் புகுவது நேயர்கள் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயின், குடியை வெறுக்கின்றவர்களே இதனை முதற்கண் ஆதரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது நமது துணிபு. அத்துணிபின் காரணத்தை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகள் பலவற்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விதி பரவி வந்திருக்கின்றது. அதனை அந்நாட்டார் மெடிக்கல் அம்னெஸ்டி என்பர். வைத்திய மன்னிப்பு என்று நாம் கூறலாம். மதுவினாலோ லாகிரி வஸ்துவினாலோ ஒரு மாணாக்கனுக்குப் பிராணாபாயம் நேருங்கால், அவனுக்காக உதவியை அழைப்பவன்மீதும், அவ்வுதவியைப் பெறுபவன்மீதும், குடித்தமைக்காகச் சர்வகலாசாலை ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில்லை. அதற்கு ஈடாக, உயிர் பிழைத்த மாணாக்கன் ஆலோசகரைக் கண்டு அறிவுரையும், வேண்டுமாயின் சிகிச்சையும் பெறவேண்டும். இதுவே அவ்விதியின் சாரம். அழைத்தவனை மட்டும் காக்கும் விதிகளும் உண்டு. அழைத்தவன், நோயாளி ஆகிய இருவரையும் காக்கும் விதிகளும் உண்டு.

இவ்விதி அந்நாட்டில் ஏன் தோன்றிற்று? 1984-ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய சர்க்கார் ஒரு சட்டம் இயற்றிற்று. இருபத்தொரு வயது நிரம்பாதவர் மது வாங்குவதைத் தடுக்காத ராஜ்யங்களுக்கு நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்பது அச்சட்டம். சில ஆண்டுகளுக்குள் ஐம்பது ராஜ்யங்களும் இதற்கு இணங்கின. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆயின், சர்வகலாசாலையிற் புகும் மாணாக்கனுக்கு வயது பதினெட்டு. அவனது கல்விக்காலத்தின் பெரும்பகுதியில் அவன் தொடும் ஒவ்வொரு கிண்ணமும் ராஜ்யச் சட்டத்திற்கும் சர்வகலாசாலை விதிக்கும் மாறானது. 1989-ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், மத்திய சர்க்காரின் பொருளுதவி பெறும் கலாசாலைகள் யாவும் மது, லாகிரி வஸ்து ஆகியவற்றைப் பற்றிய விதிகளை வகுத்துத் தண்டனையும் விதிக்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. 1998-ஆம் ஆண்டுச் சட்டமோ, லாகிரி வஸ்துக் குற்றத்திற்குத் தண்டனை பெற்ற மாணாக்கனின் படிப்புதவித் தொகையையே பறித்தது. அப்பகுதி 2020-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. செல்வன் மகன் இதனாற் கெடவில்லை. உதவித்தொகையை நம்பிப் படிக்க வந்த ஏழை மகனே கெட்டான்.

இவ்வாறு தண்டனைகள் அடுக்கடுக்காக நின்றதன் பயன் யாது? குடி ஒழிந்ததா? இல்லை. குடி கதவடைத்த அறைகளுக்குள் புகுந்தது. அங்கு ஒருவன் மயங்கி விழுந்தால், சூழ நிற்கும் பதினெட்டு வயதுச் சிறுவர்கள் முதலில் எண்ணுவது அவனது மூச்சைப் பற்றியன்று. “ஆம்புலன்ஸை அழைத்தால் போலீஸார் உடன் வருவார்களே! நம் பெயர் ஏட்டில் ஏறுமே! தந்தைக்குக் கடிதம் போகுமே!” என்று எண்ணுகின்றனர். முடிவில், “தூங்கட்டும், விடிந்தால் தெளியும்” என்று ஒருவன் சொல்லுகின்றான். மற்றவர்கள் அதனை நம்ப விரும்புகின்றனர், நம்பிவிடுகின்றனர்.

அந்த ஒரு சொல்லே கொலைச்சொல் என்பதை வைத்திய சாஸ்திரம் அறியும். குடிப்பவன் கிண்ணத்தைக் கீழே வைத்த பின்னரும், வயிற்றிலும் குடலிலும் உள்ள மது இரத்தத்திற் கலந்துகொண்டே இருக்கின்றது. ஆதலால், தூங்கத் தொடங்கியவனது நிலைமை தூக்கத்தினிடையே மேலும் கேடுறலாம். ஈரல் மதுவை மெல்ல மெல்லவே அகற்றும். ஏறத்தாழ மணிக்கு ஒரு கிண்ணமே அதன் சக்தி. காப்பியும் குளிர்ந்த நீரும் அதனை விரைவுபடுத்தா. மூளை மழுங்குந்தோறும் மூச்சு தளர்கின்றது, தேகம் குளிர்கின்றது, தொண்டையைக் காக்கும் இயற்கை உணர்ச்சியும் அடங்கிவிடுகின்றது. மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைக் குடிக்கின்றது. எழுப்பியும் எழாமை, நிமிஷத்திற்கு எட்டு முறைக்கும் குறைந்த மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, வலிப்பு ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலேயே இருந்து, உடனே வைத்திய உதவியை அழைக்கவேண்டும். இங்கு நிமிஷங்களே உயிர். அச்சம் விழுங்கும் ஒவ்வொரு நிமிஷமும் அம்மாணாக்கனின் ஆயுளிலிருந்து கழிகின்றது.

இதற்குச் சான்றாக 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பென்ஸில்வேனியா ராஜ்ய சர்வகலாசாலையில் நிகழ்ந்த கொடுமையைக் கூறலாம். அங்கு ‘பிரட்டர்னிட்டி’ எனப்படும் மாணவர் சங்கமொன்றில் புதிதாகச் சேரவந்த பத்தொன்பது வயது இளைஞன், சடங்கின் பேரால் குறுகிய நேரத்திற்குள் மிகுதியான மதுவை அருந்தச் செய்யப்பட்டான். இரவில் அவன் படிக்கட்டிலிருந்து விழுந்தான். தலையிலும் வயிற்றிலும் உட்காயமுற்றான். தோழர்கள் அவனைத் தூக்கிவந்து ஒரு சோபாவிற் கிடத்தினர். வைத்திய உதவியை நாடவேண்டுமென்று ஒரு மாணாக்கன் வற்புறுத்தியும் அவன் சொல் அங்கு ஏறவில்லை. சுமார் பன்னிரண்டு மணி நேரம் சென்ற பிறகே, மறுநாட் காலையில், உதவி அழைக்கப்பட்டது. அடுத்த நாள் அவன் மாண்டான். இவை யாவும் அவ்வீட்டில் இருந்த படக்கருவிகளிற் பதிவாகி நீதிஸ்தலத்தின்முன் வந்தவை.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. உதவியை அழைக்கும் இளைஞரைக் காக்கும் சட்டம் அந்த ராஜ்யத்தில் 2011-ஆம் ஆண்டிலேயே இருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அவ்விரவில் அது ஒருவர் கையையும் டெலிபோனிடம் கொண்டுசெல்லவில்லை. ஆதலால், விதியை எழுதிவைத்தல் மட்டும் போதாது. மாணாக்கர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் அது பதிய வேண்டும். தனி மனிதன் தப்பினாலும் தன் சங்கம் கெடும் என்னும் அச்சமும் நீங்கவேண்டும். அக்கொடுமைக்குப் பின்னர், 2018-ஆம் ஆண்டில், அந்த ராஜ்யம் புதிய சட்டம் ஒன்றை இயற்றிற்று. புதியவரை வதைத்து அதனால் மரணம் அல்லது கடுங்காயம் விளைவித்தல் பெருங்குற்றமாயிற்று; ஆபத்தில் உதவியை நாடுபவனுக்கோ பாதுகாப்பு அளிக்கப்பட்டது. வதைத்தவனுக்குக் கடுமை, காத்தவனுக்குக் கருணை. நீதி இவ்வாறு இரு கைகளாலும் வேலை செய்வதே முறை.

இனி, விதியின் பயன் யாதென்று கேட்போருக்கு நியூயார்க் ராஜ்யத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் சர்வகலாசாலை விடை தருகின்றது. அச்சர்வகலாசாலை 2002-ஆம் ஆண்டில் வைத்திய மன்னிப்பு விதியை ஏற்றது. அதனுடன் மாணாக்கரிடையே பிரசாரமும் செய்தது. முதல் இரண்டு ஆண்டுகளின் அனுபவம் 2006-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. மது காரணமாக அவசர வைத்திய உதவியை நாடும் அழைப்புகள் பெருகின. நோயாளியைச் சிக்கலில் மாட்டிவிடுவோமோ என்ற அச்சத்தைத் தடையாகக் கூறியோர் குறைந்தனர். ஆபத்திற்குப் பின்னர் ஆலோசனை பெற்ற மாணாக்கர் நூற்றுக்கு 22-லிருந்து 52 ஆக உயர்ந்தனர். குடிப்பழக்கம் இதனால் வளர்ந்ததென்பதற்குச் சான்று காணப்படவில்லை.

இவற்றுள் மூன்றாவது முடிவே நம்மை மிகவும் கவர்கின்றது. தண்டனை ஆட்சியில் மயங்கி விழுந்தவன் பிழைத்தால் ஒளிந்துகொள்ளுகின்றான்; மறுவாரம் மீண்டும் குடிக்கின்றான். மன்னிப்பு ஆட்சியிலோ அவன் அறிவுரை கூறுவோர் எதிரே வந்து அமருகின்றான். குடிகாரன் தன் குடியைப் பற்றி உண்மை பேசும் நேரமே மதுவிலக்குத் தொண்டனுக்கு வாய்க்கும் நல்ல நேரம். அந்நேரத்தை அளிக்கும் விதியை மதுவிலக்குக் கட்சியார் எதிர்ப்பது, தம் வயலுக்கு வரும் வாய்க்காலைத் தாமே அடைப்பதை ஒக்கும்.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. “இது குடிக்க அனுமதிச் சீட்டன்றோ?” என்பது முதல் ஆட்சேபம். ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடந்தால் அபராதம் இல்லை என்பதற்காக எவனும் நினைவு தப்பும்வரை குடிப்பதில்லை. தீயணைக்கும் படை ஊரில் இருக்கின்றது என்பதற்காக எவரும் தம் வீட்டிற்குக் கொள்ளி வைப்பதுண்டோ? மேலும், இவ்விதி குடியை மன்னிக்கவில்லை. உதவியை நாடிய செயலின்பொருட்டுத் தண்டனையை விலக்குகின்றது. உதவியை நாடாது அறையிற் பிடிபட்டவனுக்குப் பழைய விதி அப்படியே நிற்கின்றது.

“விதியின் மதிப்புக் குறையுமே” என்பது இரண்டாம் ஆட்சேபம். விதிக்கு மதிப்பு எதனால் வருகின்றது? அது காக்கவேண்டியவரைக் காப்பதனால் வருகின்றது. மாணாக்கனைக் குடியிலிருந்து காக்கப் பிறந்த விதி, குடித்தவனைச் சாகவிடுமாயின், தன் பிறப்பையே மறந்த விதியாகும். பிணத்திற்குப் புகட்டும் ஒழுக்கம் எவனைத் திருத்தும்?

“ஒருவனே மீண்டும் மீண்டும் இவ்விதியின் நிழலில் ஒதுங்கினால்?” என்பது மூன்றாவது. இதில் நியாயம் உண்டு. முதன்முறை ஆலோசனை, மறுமுறை கட்டாய சிகிச்சை, அதற்குமேல், படிப்பைச் சிலகாலம் நிறுத்தி உடல்நலத்தைப் பேணல் என்று படிப்படியாக வகுக்கலாம். ஆயின், எந்தப் படியிலும் வைத்தியரை அழைத்த குற்றத்திற்காக எவனும் தண்டிக்கப்படலாகாது. மூன்றாம் முறை மயங்கியவனும் மூச்சுவிட வேண்டியவனே.

மதுவைவிட லாகிரி வஸ்துக்களின் அபாயம் இப்பொழுது பெரிதாகிவிட்டது. பென்டனில் என்னும் செயற்கை மருந்து மார்பியாவைப்போல் நூறு மடங்கு வீரியமுடையது. இரண்டு மில்லிகிராம் அளவே உயிரைப் போக்கக்கூடும். அமெரிக்காவில் இத்தகைய வஸ்துக்களை மிகையாக உட்கொண்டு இறந்தோர் தொகை 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்திற்கு மேற்பட்டிருந்தது. இவ்விஷத்திற்கு நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. மூக்கிற் செலுத்தும் அம்மருந்தை வைத்தியர் சீட்டின்றியே விற்க 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார் அனுமதித்தது. ஆனால், மயங்கியவன் தனக்குத் தானே மருந்து செலுத்திக்கொள்ள முடியுமோ? அருகில் ஒருவன் வேண்டும். அவன் அஞ்சி ஓடாதிருக்கவும் வேண்டும். இதனை உணர்ந்தே நியூ மெக்ஸிகோ ராஜ்யம் 2007-ஆம் ஆண்டில், இத்தகைய ஆபத்தில் உதவியை அழைப்பவனை லாகிரி வஸ்து வைத்திருந்த குற்றத்திற்காக வழக்காடாது விடும் சட்டத்தை மற்ற ராஜ்யங்களுக்கு முன்னதாக இயற்றிற்று. நியூயார்க் 2011-ஆம் ஆண்டில் பின்பற்றிற்று. பிற ராஜ்யங்களும் தொடர்ந்தன.

இவ்விஷயம் அயல்நாட்டு விவகாரமென்று நாம் ஒதுங்குவதற்கில்லை. 2023-24-ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவிற் பயின்ற இந்திய மாணாக்கர் 3,31,602 பேர். அவ்வாண்டில் வேறெந்த அயல்நாட்டு மாணாக்கர் தொகையும் இதனை எட்டவில்லை. அவர்களுள் தமிழ் மக்களின் பிள்ளைகளும் உளர். அயல்நாட்டானுக்கு அச்சம் இரட்டிப்பு. சர்வகலாசாலை மன்னித்தாலும், குடிவரவு அதிகாரிகளை அம்மன்னிப்புக் கட்டுப்படுத்துவதில்லை. நுழைவுச் சீட்டுப் போய்விடுமோ, நிலத்தை ஈடுவைத்து அனுப்பிய தந்தையின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்ற நடுக்கம் அவனது வாயைக் கட்டும். ஆதலால், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் பெற்றோர், “குடியாதே” என்று கூறி நிறுத்திவிடலாகாது. “ஆபத்து வந்தால் முதலில் வைத்தியரை அழை, மற்றவற்றை நாம் பார்த்துக்கொள்ளுகிறோம்” என்ற உறுதியையும் அளித்தே வழியனுப்பவேண்டும்.

நம் நாட்டுக் கல்லூரிகளின் நிலைமையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டிலும் மது வாங்க இருபத்தொரு வயது நிரம்பவேண்டும் என்பதே விதி. இந்திய அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கை ராஜ்யங்களின் முயற்சிக்குரியதாக வைத்திருக்கின்றது. ஆயின், 2003-ஆம் ஆண்டு முதல் சர்க்காரின் கழகமே சில்லறை மதுக்கடைகளை நடத்தி வருகின்றது. ஒரு கையால் புட்டியை நீட்டும் சமூகம், அதனைத் தொட்டு மயங்கிய சிறுவனை மறு கையால் விடுதிக்கு வெளியே தள்ளுமாயின், அதனை ஒழுக்கமென்று எவ்வாறு கூறுவது? கடைகள் மூடப்படும் நாளுக்காக நாம் போராடுவோம். அந்நாள் வரும்வரை விடுதி அறைகளில் விழும் பிள்ளைகளைச் சாகவிடுவோமோ?

இவ்விதிக்கு அடிப்படையான தர்மம் நம் சட்டங்களுக்குப் புதியதன்று. வீதியில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கச் சென்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவேண்டுமே என்று ஜனங்கள் விலகிச் சென்ற காலம் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அவ்வாறு உதவுபவனுக்கு வழக்கினின்று பாதுகாப்பு அளித்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கொடிய வழக்கத்தை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்தது. 1985-ஆம் ஆண்டு லாகிரி வஸ்துச் சட்டத்தின் 64-ஏ பிரிவோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்குள்ளான அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெறின் வழக்கினின்று விலக்கு அளிக்கின்றது. சிகிச்சையை முடிக்காவிடில் அவ்விலக்கைத் திரும்பப் பெறவும் இடந்தருகின்றது. ஆயின், நள்ளிரவில் உதவியை அழைத்த தோழனைப் பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை. அவ்விடைவெளியை நிரப்பும் கடமை சட்டசபைகளுக்கும் கல்லூரி நிர்வாகிகளுக்கும் உரியது.

நாம் வேண்டுவது எளிதானது. ஒவ்வொரு சர்வகலாசாலையும் விடுதியும் தன் விதிகளில் ஒரு ஷரத்தைச் சேர்க்கட்டும். மது அல்லது லாகிரி வஸ்துவால் ஆபத்துற்றவனுக்காக உதவியை நாடுபவனும், அவ்வுதவியைப் பெறுபவனும், உட்கொண்டதற்காகவோ வைத்திருந்ததற்காகவோ நிர்வாகத்தால் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று அது தெளிவாகக் கூறட்டும். அழைத்தவன் உதவி வரும்வரை அருகிலிருக்கவேண்டும். பிழைத்தவன் ஆலோசனை பெறவேண்டும். விற்றவனுக்கும், வற்புறுத்திக் குடிப்பித்தவனுக்கும், வதைத்தவனுக்கும், பெண்களிடம் தகாது நடந்தவனுக்கும் இதில் இடமில்லை. அச்ஷரத்து விதிப்புத்தகத்தின் மூலையில் உறங்கலாகாது. விடுதிக் கதவுகளிலும், மாணாக்கரின் அடையாளச் சீட்டுகளிலும், ஆம்புலன்ஸ் எண்ணாகிய 108-உடன் சேர்த்துத் தமிழில் அச்சிடப்பட வேண்டும். மயக்கத்தின் அபாயக் குறிகளும் அங்கேயே எழுதப்பட வேண்டும். ஏனெனில், கார்னெல் மாணாக்கர் உதவியை அழையாமைக்குக் கூறிய காரணங்களுள் முதன்மையானது, நோய் அவ்வளவு கடியதா என்பது தெரியாமையே. அச்சம் அதற்கு அடுத்தது. அச்சத்தை விதி போக்கும். அறியாமையைப் போதனையே போக்கும். இரண்டும் சேர்ந்தே உயிரைக் காக்கும்.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவனாரே அருளுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் கைக்கொள்ளுவோர் மற்றொன்றைக் கைவிடவேண்டுமென அவர் எங்கும் விதித்தாரில்லை. மதுவிலக்கு இயக்கம் மனிதர்மீது கொண்ட அன்பினின்று பிறந்தது. குடிப்பவன்மீது கொண்ட பகையினின்று பிறந்ததன்று. தொண்டர்களே! கலாசாலை நிர்வாகிகளிடம் செல்லுங்கள். இவ்வொரு ஷரத்தைக் கேளுங்கள். மாணாக்கர்களே! குடியைத் தொடாதீர்கள். தொட்டு விழுந்த தோழன் ஒருவன் உங்கள் முன் கிடப்பானாயின், உங்கள் பெயர் என்னாகும் என்று எண்ணி நில்லாதீர்கள், வைத்தியரை அழையுங்கள். உயிரோடிருப்பவனை நாளை நாம் திருத்திக்கொள்ளலாம்.